நான்கு மணி ஐந்து நிமிடம்

அத்தியாயம் பதினொன்று

ஒன்பது நாட்களாக அந்த வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பேசினார்கள். டீச்சர் வழியாகப் பேசினார்கள்.

"அண்ணி, காபி ஆறுதுன்னு உங்க தம்பிகிட்ட சொல்லுங்க."

"அக்கா, நான் ஆறினப்புறம்தான் குடிப்பேன்னு சொல்லு."

இருவரும் ஒரே மேஜையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு டீச்சர். "ரெண்டு பேருக்கும் காதுல விழுந்துச்சில்ல? அப்ப நான் என் மூச்சை மிச்சம் பிடிச்சுக்கறேன்" என்பார்.

சண்டைக்குக் காரணம் ஒரு கடிதம். 'உங்கள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டோம், வந்து சேருங்கள்' என்று வெளியூர்க் கம்பெனி ஒன்று தம்பிக்கு எழுதியிருந்தது. அவன் விண்ணப்பம் போட்டதே மனைவிக்குத் தெரியாது. வேலை மேஜையில், கரண்ட் அளக்கும் மீட்டருக்கு அடியில் மடித்து வைத்திருந்ததைப் பார்த்தாள், படித்தாள், இருந்த இடத்திலேயே வைத்தாள், பேச்சை நிறுத்தினாள். அவள் பார்த்துவிட்டாள் என்று அவனுக்கும் தெரியும். கேட்டால் சொல்லலாம் என்று அவன் இருந்தான். தானாகச் சொல்லட்டும் என்று அவள் இருந்தாள். இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் மனிதர்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பொறுமை வருகிறதோ!

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்தான் டீச்சருக்குப் பட்டப்பெயர் வைப்பார்கள். இந்த வீட்டில் டீச்சர் மற்றவர்களுக்கு வைத்தார். எதை எடுத்தாலும் அளந்து பார்க்கும் தம்பிக்கு மீட்டர். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் காயில் செய்யும் தம்பி மனைவிக்குச் சுருள். இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. மெஷின்களுக்குள் உட்காரும் பவர் போர்டுகளைச் செய்கிற சின்னக் கம்பெனி.

டீச்சருக்கு நுரையீரலில் கோளாறு. ஏழு மாதமாகச் சுவரில் செருகிய பெரிய ஆக்ஸிஜன் மெஷினோடு கட்டிப்போட்ட வாழ்க்கை. குழாயின் நீளம் எட்டு மீட்டர். வாசல் கதவுக்கு மூன்று அடி முன்னால் அது முடிந்துவிடும். முடிகிற இடத்தில் தரையில் ஒரு சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார்கள், வேகமாக நடந்துபோய் மூக்கு இழுபடாமல் இருக்க. அழைப்பு மணி அடித்தால் டீச்சர் அந்தச் சிவப்புக் கோட்டில் நின்று, "யாரு?" என்று கத்துவார். அவ்வளவுதான் அவரால் முடியும்.

தோளில் மாட்டிக்கொண்டு போகிற சின்ன மெஷினும் இருக்கிறது. பேட்டரியில் ஓடுவது. பேட்டரி கொடுப்பது பதினான்கு வோல்ட், உள்ளே இருக்கும் மோட்டார் கேட்பது இருபத்துநான்கு. நடுவில் உள்ளங்கை அகலப் போர்டு ஒன்று பதினான்கை இருபத்துநான்காக ஏற்றிக் கொடுக்கிறது. ஏற்றுகிற சாக்கில் கொஞ்சத்தைச் சூடாக்கி வீணடித்துவிடும். பழைய போர்டு நூறில் பதினைந்தை வீணடித்தது. மெஷின் மூன்று மணி நாற்பது நிமிடம் ஓடி நின்றது.

வீட்டை விட்டுக் கிளம்பி, காலையில் நான்கு பீரியட் எடுத்துவிட்டு, வீடு திரும்ப டீச்சருக்கு நான்கு மணி நேரம் வேண்டும்.

மெஷின் செய்கிறவர்களும் ஆஸ்பத்திரியும் சோதனைக்கு ஒரு மெஷினை ஒதுக்கிக் கொடுக்க, தம்பியும் அவன் மனைவியும் நான்கு மாதம் அந்தப் போர்டோடு மல்லுக்கட்டினார்கள். பதினைந்து ஏழாயிற்று. மெஷின் சரியாக நான்கு மணி நேரம் ஓடியது. மூன்று பேரும் குதித்தார்கள், டீச்சர் உட்கார்ந்தபடியே. டாக்டர்தான் தலையை ஆட்டினார்.

"சரியா நாலு மணி போதாதும்மா. மேல அஞ்சு நிமிஷமாவது இருக்கணும். அதுக்குக் குறைஞ்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்த ஐந்து நிமிடத்துக்கு இன்னும் இரண்டு சதவீதம் வேண்டும். வீணாகாமல் போய்ச் சேருவது நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றிலிருந்து தொண்ணூற்றைந்து ஆக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் கடிதம் வந்தது.

வேலை மேஜை மேல் ஒரு நீல நோட்டு உண்டு. கல்யாணமான புதிதில் ஒரு போர்டு படீரென்று வெடித்து, யார் எதை மாற்றியதால் வெடித்தது என்று இரண்டு நாள் வாதாடிய பிறகு வாங்கிய நோட்டு. சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்றுகிறவர் எழுத வேண்டும், மற்றவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

நோட்டில் கடைசியாக எழுதி ஒன்பது நாள் ஆகியிருந்தது. நோட்டில் எழுதுவதும் பேசுவது மாதிரிதானே!

இன்று சனிக்கிழமை. மதியம் ஒரு மணிக்குத் தலைமையாசிரியை போன் செய்வார். அவர் பள்ளியில் திங்கட்கிழமைக்கான டைம்டேபிளை இன்று ஒட்டியாக வேண்டும். "முடியும்" என்றால் பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்கு. இல்லாவிட்டால் வேறு ஒருவருக்கு, வருடம் முழுக்க.

காலை ஏழு மணிக்கு டீச்சர் சின்ன மெஷினைத் தோளில் மாட்டினார். விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப், பக்கத்தில் அவசரத்துக்குச் சிலிண்டர்.

"அண்ணி, ஆன் பண்ணலாம்னு சொல்லுங்க."

"ஆன் பண்ணுடா."

மீட்டர் பொத்தானை அழுத்தினான். அவன் முகத்தில் கடிதம் வந்த நாளிலிருந்து காணாத ஒரு தெம்பு இருந்தது. சுருளின் முகத்திலும் இருந்தது. டீச்சர் இரண்டையும் பார்த்தார்.

ஐம்பதாவது நிமிடத்தில் மெஷின் வீல் வீலென்று கத்தியது. சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. மோட்டார் நின்றது.

மீட்டர் பாய்ந்து பெரிய மெஷினின் குழாயை அக்காவின் மூக்கில் மாட்டினான். சுருள் விரல் கிளிப்பைப் பார்த்தாள். எண் இறங்கவில்லை. அப்புறம்தான் இருவரும் மூச்சுவிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. மெஷினுக்கு என்ன?" என்றார் டீச்சர்.

மூடியைத் திறந்தார்கள். காயில் தொட முடியாத சூடு. மேஜையில் போட்டு, ஆறவைத்து, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மீட்டர் அளந்தான். எண்பத்தொன்பது. மறுபடியும் அளந்தான். அதே எண்பத்தொன்பது.

தொண்ணூற்று மூன்றிலிருந்து எண்பத்தொன்பதா? நான்கு மாத உழைப்பில் பாதி எங்கே போயிற்று? மீட்டரின் முகம் வெளுத்தது. சுருள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், எட்டு ஐந்து. நான்கு மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டுமானால் இன்னும் முக்கால் மணிக்குள் தொடங்க வேண்டும். பத்து பி பிரிவின் முப்பத்தாறு முகமும் அவர் கண்ணுக்குள் வந்து நின்றன. அழக்கூடாது என்று நினைத்தார். அழுதால் மூச்சு வாங்கும்.

அப்போதுதான் அது நடந்தது. மீட்டரும் சுருளும் ஒரே நேரத்தில், ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னுக்குக் கை நீட்டினார்கள். விரல்கள் இடித்துக்கொள்ள, இருவரும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்கள். இருவரும் திருதிருவென்று விழித்தார்கள்.

இருபத்தோரு வருடம் பரீட்சை ஹாலில் நடந்தவர் டீச்சர். அந்த முழி அவருக்குத் தெரியாதா?

"நில்லுங்க" என்றார். "யாரும் எதையும் தொடக் கூடாது. ரெண்டு பேரும் ஏதோ பண்ணியிருக்கீங்க."

"இல்லக்கா, நான் சும்மா..."

"பேசாதே. நீயும் பேசாதேம்மா." நீல நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து இரண்டு தாள் கிழித்து, ஆளுக்கொன்று நீட்டினார். "இந்தப் போர்டுல கடைசியா என்ன மாத்தினீங்க, எப்போ, எதுக்கு. மூணு கேள்வி. மூணு நிமிஷம். பக்கத்துல எட்டிப் பார்த்தா தாளைப் பிடுங்கிடுவேன்."

ஒருவருக்கு முப்பத்தெட்டு வயது, ஒருவருக்கு முப்பத்தைந்து. இருவரும் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள்.

டீச்சர் முதலில் சுருளின் தாளைப் படித்தார். "வியாழக்கிழமை. காயில் மாத்தினேன். பதினாலு சுத்துக்குப் பதில் பதினொண்ணு, கொஞ்சம் தடிச்ச கம்பியில. கம்பி குறைஞ்சா அதுல வீணாகிறதும் குறையும். அளந்தேன், தொண்ணூத்தஞ்சு வந்துச்சு. எதுக்குன்னா..." டீச்சர் நிறுத்தினார். "எதுக்குன்னா, அவர் ராத்திரி சரியா தூங்கறதில்ல."

மீட்டர் தலை நிமிர்ந்தான்.

"இது உன்னோடது." இன்னொரு தாளை எடுத்தார். "இன்னிக்குக் காலையில அஞ்சு மணி. போர்டுல இருக்கிற ஸ்விட்ச் ஒரு செகண்டுக்கு மூணு லட்சம் தடவை திறந்து மூடும். அதை ரெண்டு லட்சமாக் குறைச்சேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வீணாகும், தடவை குறைஞ்சா வீணாகிறதும் குறையும். கம்பெனியில இருக்கிற இன்னொரு போர்டுல பார்த்தேன், தொண்ணூத்தஞ்சு வந்துச்சு. எதுக்குன்னா, அவ கண்ணைச் சுருக்கிக்கிட்டுக் காயில் சுத்தறதைப் பார்க்க முடியல."



"பதினொரு சுத்தா?" என்றான் மீட்டர். டீச்சரிடம் அல்ல. நேராக மனைவியிடம்.

"வேகத்தைக் குறைச்சீங்களா?" என்றாள் சுருள். அவளும் நேராக.

ஒன்பது நாளில் முதல் பேச்சு. இரண்டே வாக்கியம். ஆனால் அதற்குள் இருவருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. டீச்சருக்குத்தான் புரியவில்லை.

"ரெண்டு பேருக்கும் தனித்தனியா தொண்ணூத்தஞ்சு வந்துச்சு. சேர்ந்தா எப்படி எண்பத்தொன்பது?"

"அண்ணி, காயில்ங்கறது ஒரு சொம்புன்னு வெச்சுக்கோங்க. ஸ்விட்ச் மூடும்போது நிரம்பும், திறக்கும்போது அந்தப் பக்கம் ஊத்தும். நான் சொம்பைச் சின்னதாக்கிட்டேன்."

"நான் தடவையைக் குறைச்சு, ஒவ்வொரு தடவையும் தண்ணிக் குழாயை ரொம்ப நேரம் திறந்து வெச்சுட்டேன்" என்றான் மீட்டர். "பழைய சொம்பா இருந்தா தாங்கியிருக்கும்."

"பழைய வேகமா இருந்தா என் சொம்பும் தாங்கியிருக்கும்."

"ரெண்டும் சேர்ந்து வழிஞ்சிடுச்சு. வழிஞ்சதெல்லாம் சூடு."

"காலையில பார்த்தப்ப சுத்து குறைஞ்சது உனக்குத் தெரியலையாடா?"

"மேல மஞ்சள் டேப் சுத்தியிருக்குக்கா. எப்பவும் போலத்தான் இருந்துச்சு. நோட்டுல எழுதியிருந்தா..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். தானும் எழுதவில்லையே!

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. போர்டு கெட்டுப்போகவில்லை. நான்கு மாத வேலை எங்கேயும் போகவில்லை. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் நல்லது செய்ததில் வந்த வினை. அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது.

"சரி, ஒண்ணை எடுங்க. மணி எட்டே கால்."

"நான் என் காயிலை எடுத்துடறேன். பழசு டப்பாவுல இருக்கு."

"வேண்டாம், வேண்டாம். உன் காயில் இருக்கட்டும். நான் பழைய வேகத்துக்கே மாத்திடறேன்."

"அதுக்காகத்தானே காலையில அஞ்சு மணிக்கு எழுந்தீங்க..."

"நீ பொழுதன்னைக்கும் உட்கார்ந்து சுத்தியிருப்பே..."

"அய்யோ கடவுளே!" என்றார் டீச்சர். "பேசாம இருந்தப்பவே தேவலாம் போலிருக்கு. டேய், எது சீக்கிரம் முடியும்?"

"என்னோடது. வேகத்தை முடிவு பண்ற ஒரு ரெசிஸ்டர்தான். அரிசியில பாதி இருக்கும்."

"அப்ப அதை மாத்து."

மாற்றினான். அளந்தான். தொண்ணூற்றைந்து என்று காட்டி, ஒரு புள்ளி மேலே போய், மறுபடி அங்கேயே நின்றது. இன்னொரு பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தது, நல்லவேளை. எட்டு நாற்பதுக்கு மெஷின் டீச்சரின் தோளில் ஏறியது.

"இன்னிக்கு முழு ஒத்திகை" என்றார் டீச்சர். "ஸ்கூல்ல என்ன பண்ணுவேனோ அதெல்லாம் பண்ணப் போறேன். நீங்க ரெண்டு பேரும் பத்து பி."

முதல் பீரியடில் ஃப்ரிட்ஜின் கதவே கரும்பலகை. காந்தத்தில் ஒரு காகிதத்தை மாட்டி, இருபடிச் சமன்பாட்டை டீச்சர் நின்றுகொண்டே நடத்தினார். மெஷின் தோளில் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டர் எழுந்து வந்து அதைத் தொட்டுப் பார்த்தான்.

"மீட்டர், கிளாஸ்ல எழுந்து நடமாடாதே."

"சூடு பார்க்கறேன்க்கா."

"இடத்துல உட்காரு. சுருள், நீ சொல்லு, இதுக்கு விடை என்ன?"

"எனக்குக் கணக்கே வராது அண்ணி."

"சுத்தை எண்ணத் தெரியுதில்ல? வரும்."

இரண்டாவது பீரியட் முடிந்து இடைவேளை. பள்ளியில் அந்த நேரத்துக்கு ஸ்டாஃப் ரூம் வரை நடக்க வேண்டும். டீச்சர் செருப்பைப் போட்டுக்கொண்டார். ஹாலைக் கடந்தார். சிவப்பு டேப் வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது.

மூக்கு இழுபடும் என்று ஏழு மாதப் பழக்கம் சொன்னது. மெஷின் தோளில் இருக்கிறது, ஒன்றும் இழுக்காது என்று புத்தி சொன்னது. டீச்சர் ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். பிறகு அடுத்ததை.

கதவைத் திறந்தது அவரேதான். தெருவில் ஒருவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் பார்த்துவிட்டு, "டீச்சர்!" என்று ஈரத்துணியோடு கையை ஆட்டினாள். டீச்சரும் ஆட்டினார். தெருமுனை வரை போய் மெதுவாகத் திரும்பி வந்தார். பின்னாலேயே சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மீட்டரும், தண்ணீர் பாட்டிலோடு சுருளும். சுருள் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தாள், மறைக்கவும் இல்லை.

நான்காவது பீரியடில் யாருக்கும் பாடத்தில் கவனம் இல்லை, டீச்சர் உள்பட. பன்னிரண்டரைக்குப் பேட்டரி விளக்கு சிவப்பானது. மூன்று பேரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து, நடுவில் இருந்த டீச்சரின் மடியில் மெஷினை வைத்து அதையே பார்த்தார்கள்.

பன்னிரண்டு நாற்பது. நான்கு மணி நேரம்.

"இதுக்கு மேல ஒவ்வொரு நிமிஷமும் டாக்டருக்கு" என்றார் டீச்சர்.

ஒன்று. இரண்டு. மீட்டர் நகத்தைக் கடித்தான். மூன்று. சுருள் கணவனின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள், பிறகு விடவில்லை. நான்கு.

"அஞ்சு!" என்று மூன்று பேரும் கத்தினார்கள்.

மெஷின் அதைக் கண்டுகொள்ளாமல் இன்னும் ஒன்றரை நிமிடம் ஓடி, பிறகு நாகரிகமாக ஒரு சின்னக் குரல் கொடுத்து நின்றது. மீட்டர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று பெண்கள் இருவரும் கேட்கவில்லை. காலையில் பாதியில் நின்ற பேட்டரி இதற்குள் சார்ஜ் ஏறியிருந்தது. சுருள் அதை மாட்டிவிட்டாள்.

ஒரு மணிக்குத் தலைமையாசிரியை அழைத்தார். டீச்சர் பேச்சை ஒரே சொல்லில் முடித்தார். "முடியும்." அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, டீச்சர் ரொம்ப நேரம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "தரைத்தளத்திலேயே வகுப்பறை தர்றாங்களாம். திங்கக்கிழமை முதல் பீரியடே எனக்குத்தான்" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் சுருள் நீல நோட்டை எடுத்து வந்தாள். வியாழக்கிழமைக் காயிலை எழுதினாள், மீட்டர் கையெழுத்துப் போட்டான். காலை ஐந்து மணி ரெசிஸ்டரை அவன் எழுதினான், மறுபடி மாற்றியதையும் எழுதினான், அவள் போட்டாள். நோட்டை மூடப் போனவள் மூடவில்லை.

"எனக்குத் தெரியாம வேற ஏதாவது மாத்தியிருக்கீங்களா?" என்றாள். குரல் சண்டைக் குரல் இல்லை.

மீட்டர் பேனாவை வாங்கினான். நிதானமாக எழுதினான். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

'மூன்று மாதம் முன்பு. வெளியூர் வேலைக்கு விண்ணப்பித்தேன். அங்கே ஆஸ்பத்திரி வாசலிலேயே குடியிருப்பு. போர்டு சரிவராவிட்டால் அக்காவுக்கு உதவும் என்று. உன்னிடம் சொன்னால் நம்பிக்கை விட்டுப்போய்விடும் என்று பயந்தேன். கடிதம் வருவதற்குள் போர்டு சரியாகிக்கொண்டிருந்தது. போன புதன்கிழமை போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.'

"இவ்வளவுதானா?" என்றாள் சுருள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. "இதையா ஒன்பது நாள் முழுங்கி வெச்சிருந்தீங்க?"

பிறகு அவள் முகம் மாறியது. "புதன்கிழமையா சொன்னீங்க?"

"ஆமா. ஏன்?"

அவள் பேனாவைப் பிடுங்கி, அதற்குக் கீழேயே எழுதினாள். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார்.

'நேற்று, வெள்ளிக்கிழமை. அவருடைய ஆசைக்கு நான் குறுக்கே நிற்கக் கூடாது என்று, அதே கம்பெனிக்கு, வீட்டு மெயிலில் இருந்து பதில் போட்டேன். மூன்று பேரும் வருகிறோம், நானும் காயில் சுற்றுவேன் என்று.'

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கும்போதே, வாசல் பக்கத்து அலமாரியில் சார்ஜில் கிடந்த மீட்டரின் போன் அடித்தது.

"இருங்க, நான் எடுக்கறேன்" என்று டீச்சர் எழுந்தார். மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். சிவப்பு டேப்பைத் தாண்டினார், கீழே பார்க்கக்கூட இல்லை.

"சொல்லுங்க, நான் அவன் அக்கா பேசறேன்." கேட்டார். இரண்டு தடவை "ம்" என்றார். ஒரு தடவை புருவத்தை உயர்த்தினார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"வெளியூர்க் கம்பெனி. வரலைன்னு ஒரு பதில், வர்றோம்னு ஒரு பதில், எதை எடுத்துக்கறதுன்னு கேக்கறாங்க. காயில் சுத்தத் தெரிஞ்சவங்கன்னு மெயில்ல பார்த்தாங்களாம். உனக்கும் வேலை தர்றாங்களாம், சுருள். திங்கக்கிழமை காலைக்குள்ள சொல்லணும்."

திங்கட்கிழமை காலை. முதல் பீரியட்.

மீட்டரும் சுருளும் ஒரே நேரத்தில் பேச வாயெடுத்தார்கள். டீச்சர் கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார். மேஜைக்கு வந்து, நீல நோட்டிலிருந்து தாள் கிழித்து நடுவில் வைத்தார்.

இந்தத் தடவை ஒரே ஒரு தாள்.